நாலாயிரம் பேருக்கு ஒரே ஒரு கல்

ஊரிலிருந்து யாராவது வந்தால் கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கிற ஃப்ரீமான்ட்டில் காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. பாலம், கடற்கரைச் சாலை எல்லாம் முடிந்தபிறகு மிஞ்சுகிற ஒரு காலை நேரத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் பழைய மிஷன் கோயிலுக்குக் கூட்டிப் போவோம். போன வருஷம் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த மாமாவை அங்கே கூட்டிப் போனேன். கோயில் பார்த்து முடித்து, திரும்பும் வழியில் வாஷிங்டன் சாலையில் உள்ள, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒலோனி மக்களின் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம் வண்டியை நிறுத்தினேன். உள்ளே நாலாயிரம் பேர் இருக்கிறார்கள், ஒருவர் பெயரும் எழுதியிருக்காது என்றேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்து ஆதிவாசிங்க. பேரெல்லாம் யாரு மாப்ள எழுதி வச்சிருக்கப் போறா?” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. அந்த இடத்தைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். இங்கேயே இருபது வருஷம் குடியிருக்கிற நம் ஆட்கள் பலரும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு உள்ளே அடங்கவில்லை. ஏனென்றால், எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக, எண் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

மிஷன் சான் ஹோசே 1797 ஜூன் 11 அன்று பாதிரியார் ஃபெர்மின் லாசுவென் தொடங்கி வைத்தது. பழங்குடிகளைக் கிறிஸ்தவர்களாக்கி, கோயிலைச் சுற்றித் தங்கவைத்து வேலை வாங்கக் கலிஃபோர்னியாவில் ஸ்பானியர்கள் நிறுவிய 21 மிஷன்களில் பதினான்காவது. இன்று சாலையிலிருந்து தெரிகிற வெள்ளைக் கட்டடம் அந்தக் காலத்தது அல்ல. 1809இல் கட்டிய கோயில் 1868 அக்டோபரில் வந்த நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. பிறகு அதே இடத்தில் ஒரு மரக்கோயில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. அதை அப்படியே பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டு, பழைய கோயில் இருந்தது போலவே சுடாத மண்கல்லால் மறுபடி எழுப்பி 1985இல் திறந்தார்கள். பாதிரியார்கள் குடியிருந்த நீளமான கட்டடத்தின் ஒரு பகுதிதான் உண்மையிலேயே பழசு. அதை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

மறுபடி கட்டியதுதானே என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். உள்ளே போனால் வெயில் சட்டென்று விட்டுப்போகும். சுவரின் தடிமனைச் சன்னல் திட்டில் பார்க்கலாம், ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். பீடத்துக்குப் பின்னால் பொன்முலாம் பூசிய மரவேலை. செம்பைத் தட்டி அடித்துச் செய்த ஞானஸ்நானத் தொட்டி அந்தக் காலத்துச் சாமான். குனிந்து பார்த்தால் செம்பில் சுத்தியல் பட்ட பள்ளங்கள் தெரிகின்றன. இந்த மிஷனில் 6,600க்கும் மேற்பட்ட பழங்குடி மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள், பிறந்த குழந்தைகள், சாகக் கிடந்தவர்கள் என்று அத்தனை பேரும் அதில் உண்டு. நான் எப்போது போனாலும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அதிக நேரம் நிற்பேன்.

கோயிலின் தரையில் ஒரு கல் பதித்திருக்கிறது. ராபர்ட் லிவர்மோர் என்ற ஆங்கிலேய மாலுமியின் கல்லறைக் குறி அது. கப்பலை விட்டு இறங்கி இங்கேயே தங்கி, கத்தோலிக்கராகி, ஸ்பானிய வழிக் குடும்பத்தில் பெண் எடுத்து, பண்ணை வைத்துப் பெரிய ஆளானவர். 1858இல் இறந்தபோது கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கிழக்கே இருக்கிற லிவர்மோர் நகரத்துக்கு அவர் பெயர்தான். கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் பளிங்குக் கல் வைத்த சமாதிகள் இருக்கின்றன. ஸ்பானியப் பெயர்கள், ஐரிஷ் பெயர்கள், போர்ச்சுகீசியப் பெயர்கள். பிறந்த தேதி, இறந்த தேதி, எந்த நாட்டிலிருந்து வந்தவர், யாருடைய மனைவி என்று எழுதியிருக்கும். மழையில் எழுத்து கரைந்துபோன கற்களில்கூட விரலால் தடவினால் பெயர் கிடைக்கும்.

இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் இதில் எங்கேயும் இல்லை. அவர்களைப் பார்க்க மேற்கே சுமார் ஒரு மைல் இறங்க வேண்டும். நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கிற தூரத்தில் ஒரு சின்ன மேடு. கோடையில் போனால் காய்ந்த புல். நடுவே ஒரு நினைவுக்கல்லும் அதில் ஒரு தகடும். “இந்த மிஷன் சான் ஹோசேயைக் கட்டப் பாதிரியார்களுக்கு உதவிய ஒலோனி இனத்தார் நாலாயிரம் பேர் இங்கே துயில்கிறார்கள், அவர்கள் நினைவு புனிதமாக இருக்கட்டும்” என்கிற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். இந்த மண்கூட 1960களில் நெடுஞ்சாலைத் திட்டத்தில் போயிருக்க வேண்டியது. அமெரிக்க இந்திய வரலாற்றுச் சங்கமும் ஒலோனி வழிவந்தவர்களும் போராடிக் காப்பாற்றினார்கள். 1971இல் அது அந்த வழிவந்தவர்களின் அமைப்பின் பெயருக்கே மாறியது.

கல்லுக்கு அடியில் யார்

நம் பிள்ளைகள் இங்கே நாலாம் வகுப்பில் மிஷன்களைப் பற்றிப் படிக்கிறார்கள். முன்பெல்லாம் அட்டையிலும் சர்க்கரைக் கட்டியிலும் மிஷன் கோயில் மாதிரி செய்துகொண்டு போக வேண்டும். ஒரு குழந்தைக்கு வந்தால் குடும்பமே உட்கார்ந்து ஒட்டும். 2016இல் மாநிலப் பாடத்திட்ட வழிகாட்டி, அந்த மாதிரி செய்வதால் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் புரியாது, பலருடைய மனமும் புண்படும் என்று சொல்லி அதை வேண்டாம் என்றது. சரியான முடிவு. அந்த மாதிரிகளில் மணிக்கூண்டு இருக்கும், தோட்டம் இருக்கும், நீரூற்றுகூட இருக்கும். கல்லறை இருக்காது.

ஆனால் மிஷன் வாழ்க்கையில் சாவுதான் பெரிய விஷயம். ஞானஸ்நானம் வாங்கியவர் தன் விருப்பத்துக்கு ஊர் திரும்ப முடியாது. ஓடிப்போனால் படைவீரர்கள் போய்ப் பிடித்துவருவார்கள், சாட்டையடி கிடைக்கும். கல்யாணமாகாத பெண்களை இரவில் ஒரே அறையில் போட்டுப் பூட்டுவார்கள். நெருக்கம், புது நோய், பழகாத சாப்பாடு. 1806 வசந்தத்தில் தட்டம்மை வந்தபோது, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியிருந்த மிஷன்களின் பழங்குடி மக்களில் சுமார் கால்வாசிப் பேர் சில மாதங்களில் இறந்துபோனார்கள். அதே வசந்தத்தில்தான் ரஷ்யக் கப்பல் ஒன்றில் வந்த லாங்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் மிஷன் சான் ஹோசேக்குப் போனார். அவர் எழுதிய பயணநூலில், அங்கே உடம்பில் வண்ணம் பூசி, தலையில் இறகு செருகி ஆடத் தயாராகும் மனிதர்களின் சித்திரம் இருக்கிறது. கலிஃபோர்னியப் பழங்குடிகளைப் பற்றி யார் எழுதினாலும் அதை எடுத்துப் போடுவார்கள். ஆடுகிறவர்கள் பக்கத்துக் குடிசையில் யார் கிடந்தார்கள் என்பது அந்தச் சித்திரத்தில் வராது.

அதே 1806இல்தான் நார்சிசோ துரான் என்ற பாதிரியார் இந்த மிஷனுக்கு வந்தார். 1833 வரை இருந்தார். இசை தெரிந்தவர். பழங்குடி இளைஞர்களைச் சேர்த்து வயலினும் குழலும் வாசிக்கும் குழுவை உருவாக்கினார். எந்தக் குரல் எந்த வரியைப் பாட வேண்டும் என்று புரிவதற்காக வெவ்வேறு நிறத்தில் சுரக்குறிகள் எழுதிப் பாட்டுப்புத்தகம் தயாரித்தார். அவர் காலத்தில் இந்த மிஷன் வடபகுதியிலேயே பெரிய மிஷன்களில் ஒன்றானது. 1831இல் 1,800க்கும் மேற்பட்டவர்கள் இங்கே இருந்தார்கள், சுமார் 12,000 மாடுகள் மேய்ந்தன. கேட்க வளமாக இருக்கிறது. ஆனால் இருந்தவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். இடம் காலியாகாமல் இருக்கப் புது ஆட்கள் மேலும் மேலும் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. முதலில் விரிகுடாக் கரையிலிருந்த ஒலோனி ஊர்கள் காலியாயின. பிறகு மலைக்கு அந்தப் பக்கத்து மிவோக் மக்கள். அப்புறம் நடுச்சமவெளியின் ஆற்றங்கரைகளிலிருந்து யோக்குட்ஸ் மக்கள். வேறு வேறு மொழி பேசுகிறவர்கள், ஒருகாலத்தில் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டவர்கள்கூட, கடைசியில் ஒரே மண்ணுக்குள் போனார்கள்.

ஆக, நினைவுக்கல்லில் ‘ஒலோனி இனத்தார் நாலாயிரம் பேர்’ என்று இருப்பதே முழு உண்மை இல்லை. அங்கே படுத்திருப்பவர்களில் நிறையப் பேர் மிவோக், நிறையப் பேர் யோக்குட்ஸ். கல் வைத்தவர்கள் பெயரை மட்டும் விடவில்லை, எந்த மக்கள் என்பதையும் விட்டுவிட்டார்கள்.

அந்த மக்களில் ஒருவர் பெயர் மட்டும் தப்பித்திருக்கிறது. யோக்குட்ஸ் பெயர் குகுநுச்சி, 1821இல் இந்த மிஷனில் ஞானஸ்நானம் பெற்று எஸ்தனிஸ்லாவோ ஆனவர். மிஷனுக்குள் தன் மக்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். 1828இல் ஊருக்குப் போனவர் திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நூற்றுக்கணக்கானோர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஆற்றங்கரைக் காட்டுக்குள் மரத்தடுப்புக் கட்டி, பதுங்குகுழி வெட்டி, அனுப்பப்பட்ட படையைத் திருப்பி அடித்தார்கள். 1829இல், அப்போது கலிஃபோர்னியாவை ஆண்ட மெக்சிகோவின் படை அதிகாரி மரியானோ வயேஹோ நூறு பேருக்கு மேல் பீரங்கியோடு போய்த்தான் அவர்களைக் கலைக்க முடிந்தது. அதற்கப்புறம் எஸ்தனிஸ்லாவோ யாரிடம் போனார் தெரியுமா? துரானிடம்தான். துரான் ஆளுநரிடம் பேசி மன்னிப்பு வாங்கிக்கொடுத்தார். அவர் மிஷனிலேயே இருந்து 1838இல் இறந்தார். எந்தப் பாதிரியாரை விட்டு விலகினாரோ அவரிடமே வந்து நின்றதை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வேறு எங்கே போக இருந்தது என்று கேட்டால் பதில் வந்துவிடுகிறது. அவர் போரிட்ட ஆற்றுக்கு இன்றைக்கு ஸ்டானிஸ்லாஸ் என்று பெயர். அந்த மாவட்டத்துக்கும் அதே பெயர்.

பதிவேடு

நான் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் பக்கம் பர்னாந்து, பெரைரா, மச்சாது என்று இருக்கிற பெயர்களெல்லாம் போர்ச்சுகீசியர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்தவை. அதற்கு முன் எங்கள் வீட்டில் என்ன பெயர் புழங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பின் வந்தவர்களைத் தேட வேண்டுமென்றால் பங்குச்சாமியார் வீட்டு அலமாரியைத் திறந்தால் போதும். கல்யாணம் என்றால் ஞானஸ்நானச் சான்று, வெளிநாடு என்றால் ஞானஸ்நானச் சான்று. உபதேசியார் அந்தப் பெரிய புத்தகத்தை மேசையில் போட்டுப் புரட்டும்போது வருகிற பூச்சிமருந்து வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அழிந்த எழுத்தின் மேல் கறுப்பு மை தீட்டுவோம். பெயர் அழிந்துபோன கல்லறை வீட்டுக்கே அவமானம் என்று அப்பா சொல்வார். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, கத்தோலிக்கக் கோயில் ஒன்று நாலாயிரம் பேரைப் புதைத்துவிட்டு யாரென்று தெரியாமல் இருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. புதைத்தால் எழுதியாக வேண்டும். அது திருச்சபையின் விதி, கலிஃபோர்னியாவிலும் அதுதான் விதி.

எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு மிஷனிலும் ஞானஸ்நானத்துக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பதிவேடு. தெற்கு கலிஃபோர்னியாவில் உள்ள ஹன்டிங்டன் நூலகம் 21 மிஷன்களின் பதிவேடுகளையும் வரிவரியாகக் கணினியில் ஏற்றி 2006இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1769 முதல் 1850 வரை 1,01,000க்கும் மேற்பட்ட ஞானஸ்நானங்கள், சுமார் 28,000 திருமணங்கள், சுமார் 71,000 அடக்கங்கள். காசு வேண்டாம், யாரும் தேடலாம். மாமாவை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று ராத்திரிதான் நான் அதைத் திறந்து உட்கார்ந்தேன்.

சான் ஹோசே, அடக்கம், 1806 என்று போட்டேன். வரிசை வந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு ஆள். வரிசை எண், அடக்கம் நடந்த தேதி, ஸ்பானியப் பெயர், ஆணா பெண்ணா, பெரியவரா குழந்தையா, எழுதிய பாதிரியார் யார் என்று இருக்கிறது. வசந்த மாதங்களுக்கு வரும்போது தேதிகள் நெருங்க ஆரம்பிக்கின்றன. ஒரே தேதி கீழே கீழே வருகிறது. குழந்தை, குழந்தை, பெரியவர், குழந்தை. ஆனால் என்னை உட்கார வைத்தது அது இல்லை. பல வரிகளில் இன்னொரு எண் இருக்கிறது. இறந்தவரின் ஞானஸ்நான எண். அதை எடுத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் போட்டால் அந்த ஆள் மிஷனுக்குள் வந்த நாள் கிடைக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தார், அப்போது என்ன வயசு இருக்கும், அப்பா அம்மா யார், ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய் யார். பல இடங்களில் அவருடைய சொந்தப் பெயரையும் பாதிரியார் காதில் விழுந்தபடி ஸ்பானிய எழுத்தில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து திருமணப் பதிவேட்டுக்குப் போகலாம், பிள்ளைகளுக்குப் போகலாம், அந்தப் பிள்ளைகளின் அடக்கத்துக்கும் போகலாம். அப்படி ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனேன். அவள் வந்தது, கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, குழந்தை போனது, அவள் போனது என்று ஒரு முழு ஆயுள் என் மேசையில் இருந்தது. விடிய ஆரம்பித்துவிட்டது. எழுந்திருக்க மனசு வரவில்லை.

அந்த மேட்டில் கிடப்பவர்களைப் ‘பெயர் தெரியாதவர்கள்’ என்று இனிமேல் யாரும் சொல்லக் கூடாது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. தெரியும். எழுதியவர்களே புதைத்தார்கள், புதைத்தவர்களே எழுதினார்கள். பதிவேட்டைப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொண்டு, மண்ணின் மேல் ஒன்றும் வைக்காமல் விட்டார்கள். லிவர்மோருக்குத் தரையில் கல் பதிக்கத் தெரிந்த கோயிலுக்கு, பக்கத்து அலமாரியிலிருந்த புத்தகத்தைத் திறக்கத் தெரியாமல் இல்லை. கல்லறையில் பெயர் இல்லாமல் போவதற்கு ஏழ்மை காரணமாக இருக்கலாம், போர் காரணமாக இருக்கலாம். இங்கே காரணம், அவர்களை எண்ணிக்கையாகப் பார்த்ததுதான். எழுதும்போதே கணக்குக்காக எழுதினார்கள். இத்தனை ஆன்மா வந்தது, இத்தனை போனது, இத்தனை மாடு, இத்தனை மூட்டைக் கோதுமை என்று வருஷா வருஷம் மேலிடத்துக்கு அறிக்கை போகும். எண்ணிக்கை போய்ச் சேர்ந்த பிறகு, அந்த ஆள் யார் என்பதற்கு யாரிடமும் வேலை இல்லை.

சொனோமாவின் சுவர்

இதற்கப்புறம் சொனோமாவுக்குப் போனோம். மிஷன்களில் கடைசியாக, 1823இல் தொடங்கியது அங்கேதான். கோயிலின் பக்கவாட்டில் தெருவைப் பார்த்தபடி கறுத்த கருங்கல் பலகைகள். அந்த மிஷனில் இறந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட பழங்குடி மக்களின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து 1999இல் அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். மிவோக், பட்வின், வாப்போ, போமோ என்று மக்களின் பெயர்களும் இருக்கின்றன. தெருவில் திராட்சரசக் கடைகளுக்குப் போகிற கூட்டம். நான் ஒரு ஓரத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். எல்லாம் ஞானஸ்நானப் பெயர்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பாதிரியார் கொடுத்த பெயர்களைப் பாதிரியார் புத்தகத்திலிருந்து எடுத்தால் அப்படித்தானே வரும். வாசித்துக்கொண்டே போகும்போது, இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படியே இருந்தாலும் இது பெரிய காரியம். நம்மால் செய்ய முடியாது என்று சொல்கிற எல்லாருக்கும் அந்தச் சுவர் பதில். ஃப்ரீமான்ட்டிலும் இதைச் செய்ய வேண்டும், அதுவும் சொந்தப் பெயரோடு செய்ய வேண்டும் என்று வழி முழுக்க என் மனைவியிடம் பேசிக்கொண்டே வந்தேன்.

அவள்தான் கேட்டாள், “அவங்களுக்கு அது பிடிக்குமா?” என்று.

பிடிக்காமல் என்ன என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு தேடிப் படித்தபோது, அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. கலிஃபோர்னியாவின் பழங்குடிகள் பலரிடம் இறந்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்ற கடுமையான வழக்கம் இருந்தது. ஒலோனியரிடம் இருந்தது, யோக்குட்ஸ் மக்களிடமும் இருந்தது. இறந்தவரின் பெயரை அவர் வீட்டார் காதுபடச் சொல்வது பெரிய அவமதிப்பு. இறந்தவரின் உடைமைகளை எரிப்பதும் பல இடங்களில் உண்டு. போனவரை நிம்மதியாகப் போக விடுவதும் இருப்பவர்களின் காயத்தைக் கிளறாமல் இருப்பதும் அவர்களுடைய மரியாதை. நாம் அழிந்த எழுத்தின் மேல் மை தீட்டுகிறோம். அவர்கள் அந்த எழுத்தே வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் அன்புதான். எது எந்த மண்ணுக்கு என்பதுதான் கேள்வி.

அப்போது அந்த மேட்டின் வெறுமை அவர்கள் வழக்கப்படி சரிதானே என்று கேட்கலாம். என்னால் அப்படி ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த வழக்கத்தை மதித்து யாரும் பெயரை விட்டுவைக்கவில்லை. மதித்திருந்தால் அவர்களை அவர்கள் முறைப்படி அடக்கம் செய்ய விட்டிருப்பார்கள். ஒரு குடும்பம் துக்கத்தில் பெயரைச் சொல்லாமல் இருப்பதும், புதைத்த நிறுவனம் அக்கறை இல்லாமல் பெயரை விட்டுவிடுவதும் வெளியே இருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் முதலாவதில் பெயர் எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் சொல்ல மாட்டார்கள்.

இதில் முடிவு சொல்ல வேண்டியவர்கள் அந்த வழிவந்தவர்கள். அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே நம் ஆட்களில் பலர் ஒலோனி என்பதை ஒரு கல்லூரியின் பெயராக மட்டுமே அறிவார்கள். 1830களில் மெக்சிகோ அரசு மிஷன்களைக் கலைத்தபோது நிலத்தில் ஒரு பங்கு பழங்குடிகளுக்கு என்றுதான் பேச்சு. நடந்தது வேறு, நிலம் பண்ணைக்காரர்களிடம் போனது. அமெரிக்கர் வந்தபின் நிலைமை இன்னும் மோசம். அந்த ஆண்டுகளில் நடந்ததற்கு 2019இல் ஆளுநர் நியூசம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டு, அது இனப்படுகொலைதான் என்று சொன்னார். அத்தனைக்கும் நடுவில் சில குடும்பங்கள் பிளசன்டன், சுனோல், நைல்ஸ் பக்கமாகவே ஒட்டிக்கொண்டு பிழைத்தன. 1920களில் மொழியியலாளர் ஹாரிங்டன், ஆங்கெலா கொலோஸ், ஹோசே குஸ்மான் என்ற முதியவர்களிடம் உட்கார்ந்து அவர்களுடைய சொச்செனியோ மொழியை எழுதிக்கொண்டார். அதே காலத்தில், 1925இல், புகழ்பெற்ற மானிடவியலாளர் க்ரோபர் இந்த மக்கள் அநேகமாக அழிந்துவிட்டார்கள் என்று புத்தகத்தில் எழுதினார். எழுதியது எழுதியதுதான். அதற்கு இரண்டு வருஷத்துக்குள் மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடிகளின் பட்டியலிலிருந்தும் அவர்கள் விழுந்தார்கள். இன்றுவரை, அந்தக் குடும்பங்களின் வழிவந்த முவெக்மா ஒலோனி மக்கள் அந்த அங்கீகாரத்துக்காக நடந்துகொண்டிருக்கிறார்கள். 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, சுனோல் பக்கம் சுமார் 2,000 வருஷத்துக்கு முன் புதைக்கப்பட்டவர்களுக்கும் இன்றைய முவெக்மா மக்களுக்கும் தொடர்ச்சி இருக்கிறது என்று காட்டியது. ஹாரிங்டனின் குறிப்புகளிலிருந்து மொழியை மறுபடி கற்றுக்கொள்கிறார்கள்.

அவர்கள் தங்கள் வம்சத்தை நிரூபிக்க எதைக் காட்டினார்கள் தெரியுமா? மற்றவற்றோடு, இதே மிஷன் பதிவேடுகளையும்தான். மாடு, கோதுமையோடு சேர்த்துக் கணக்குக்காக எழுதிய அந்த வரிகள், நாங்கள் இன்னாரின் பேரப்பிள்ளைகள் என்று அரசாங்கத்தின் முன் நிற்க உதவுகின்றன. துரானோ அவருக்கு முன் இருந்தவர்களோ இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியதற்காக நான் அவர்களுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் புத்தகம் எரியாமல் இருந்ததற்கு நிம்மதிப்படுகிறேன்.

இப்போது நான் கேட்பது சின்ன விஷயம். கல்லில் வெட்டுவதா, வேண்டாமா, எந்தப் பெயரை வெட்டுவது என்பதை அந்த மண்ணின் சொந்தக்காரர்கள் சொல்லட்டும். அதுவரை, அருங்காட்சியகத்தில் அடக்கப் பதிவேட்டின் ஒரு பக்கமாவது, அவர்கள் சம்மதத்தோடு, பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்க்கிற உயரத்தில் இருக்கட்டும். கோயில் பங்கு நிர்வாகத்துக்கு இதை எழுதிக் கேட்டிருக்கிறேன். இங்கே பூசைக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் இன்னும் நாலு பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும். மிஷன் சான் ஹோசே பகுதியில் பள்ளிக்கூடத்துக்காகவே வீடு வாங்கியவர்கள் நாம். அந்தப் பெயர் போட்ட முகவரியில்தான் நமக்குக் கடிதம் வருகிறது.

விருந்தாளிகளோடு கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த ஒரு மைலையும் போய் வாருங்கள். உள்ளே நுழைய வேண்டாம், வேலியோரம் போதும். கைபேசியில் அந்தப் பதிவேட்டுத் தளத்தைத் திறந்து, சான் ஹோசே என்று போட்டு, ஏதாவது ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெயரைச் சத்தமாக வாசிக்காமல், ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்த எண்ணின் வழியே ஊர் எது, அப்பா யார், அம்மா யார் என்று அவர்களே தேடிப் போகட்டும். கொஞ்சம் நேரம் எடுக்கும். மதியச் சாப்பாடு அன்றைக்குத் தாமதமானால் பரவாயில்லை.